பன்றி பறந்த வழியே கான்டர்பரிக்கு

சீமையில் தனியாக இருக்கும் அண்ணனை எப்படியாவது ஊருக்கு அழைத்து வந்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு விமானம் ஏறிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா, சகோதரிகளே? எனக்கு உண்டு. சென்ற கோடையில் போனேன். ஒரு பெட்டி நிறைய நார்த்தங்காயும், வற்றலும், சாம்பார்ப் பொடியும். கைப்பையில் அண்ணா பெயருக்குச் சென்னை வரை ஒரு டிக்கெட். நான் எதைச் சாதித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எனக்கு வாய்த்த பிரயாணத்தைப் பற்றி முதலில் கேளுங்கள்.

அண்ணா 1974ல் இங்கிலாந்துக்குப் போனவன். அப்போது அவனுக்கு வயது 22. என்ஜினியர் உத்தியோகம். 1980ல் அண்ணியைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். குழந்தைகள் இல்லை. அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறை உள்ள சின்ன வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தான். "இதுதான் சமயம்" என்று நான் கிளம்பினேன்.

முதல் நாள் இரவு எனக்கு ஒதுக்கியிருந்த அறையில் விளக்கைப் போட்டேனோ இல்லையோ, "ஐயோ!" என்று அலறிவிட்டேன். சுவரில் ஒரு பயங்கரமான முகம். வாயைப் பிளந்துகொண்டு, மூக்குத் துவாரம் விரிய, கண் பிதுங்க, சிவப்பாக ஒரு முகம்! அண்ணா ஓடி வந்தான். "பயப்படாதே, அது கிங் கிரிம்ஸன்" என்றான், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரை அறிமுகப்படுத்துகிறவன் மாதிரி.

அது ஓர் இசைத் தட்டின் அட்டை. 1969ல் வந்தது. 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்' என்று பெயர். படம் வரைந்தவர் பாரி காட்பர் என்ற இளைஞர். கம்ப்யூட்டர் வேலை பார்த்தவராம். தட்டு வெளிவந்த சில மாதங்களுக்குள், 1970ல், 24 வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவர் வரைந்த தட்டு அட்டை இது ஒன்றுதான். இதைக் கேட்டபின் அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. இருந்தாலும் படுக்கும்போது அதன்மேல் என் புடவை ஒன்றைப் போட்டு மூடிவிட்டுத்தான் படுத்தேன்.

வீடு முழுவதும் இப்படித்தான். 600க்கு மேல் இசைத் தட்டுகள். மாடிப்படியில் தட்டு, சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்கு மேல் தட்டு. எல்லாம் 'ப்ராக்ரஸிவ் ராக்' என்ற ஒரே ஜாதி. முற்போக்கு என்றதும் ஏதோ அரசியல் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். 1960களின் கடைசியில் இங்கிலாந்துப் பையன்கள் சிலருக்கு மூன்று நிமிஷப் பாட்டு போதவில்லை. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டாகப் பாட வேண்டும், நடுவில் தாளம் மாற வேண்டும், காலம் மாற வேண்டும், புல்லாங்குழலும் ஆர்கனும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதன் விளைவு இது. "23 நிமிஷப் பாட்டு!" என்று அண்ணா என்னிடம் பெருமையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ராகம் தானம் பல்லவி என்று உட்கார்ந்தால் நம் வித்வான்களுக்கு 23 நிமிஷம் எந்த மூலைக்கு?

புது வீட்டில் ஒரே ஓர் அலமாரித் தட்டுக்குத்தான் இடம் என்பதால், பத்தே பத்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றுவிடுவது என்று அண்ணா தீர்மானித்திருந்தான். எந்தப் பத்து? அங்கேதான் வந்தது வினை.

வியாழக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு அவன் வீட்டில் ஒரு சபை கூடும். ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர், அவருடைய மனைவி, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், அண்ணா, ஆக நாலு பேர். அன்று நான் ஐந்தாவது. பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். பஜ்ஜியைத் தின்றுகொண்டே அவர்கள் போட்ட சண்டை இருக்கிறதே, நம் ஊரில் இரண்டு பாகவதர்களின் ரசிகர்கள் திண்ணையில் போட்ட சண்டையெல்லாம் எந்த மட்டில்!

தபால்காரர் 'யெஸ்' கோஷ்டியின் பரம பக்தர். அவர்களுடைய 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 1972ல் வந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் தட்டுப் போட்டிருக்கவே வேண்டாம் என்பது அவர் அபிப்பிராயம். அந்தத் தட்டுக்கு டிரம் வாசித்த பில் ப்ரூஃபோர்ட், பதிவு முடிந்த கையோடு யெஸ்ஸை விட்டுக் கிங் கிரிம்ஸனில் போய்ச் சேர்ந்துவிட்டார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தபால்காரர் இன்னும் கிங் கிரிம்ஸனை மன்னிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குறை காண்கிறவர் போல, "அங்கே போய் என்ன சுகப்பட்டான்?" என்று கேட்டார்.

ரயில்காரர் 'ஜெனஸிஸ்'. அந்தக் கோஷ்டியில் பாடிக்கொண்டிருந்த பீட்டர் கேப்ரியல் 1975ல் விலகிக்கொண்டார். அத்தோடு ஜெனஸிஸ் முடிந்தது என்று ரயில்காரர் சாதிக்கிறார். அவர் மனைவியோ, டிரம் வாசித்த ஃபில் காலின்ஸ் பாட ஆரம்பித்து 1976ல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்' என்ற தட்டுதான் உயர்ந்தது என்கிறாள். இந்த விஷயத்தில் தம்பதிகளுக்குள் கல்யாணமான நாளிலிருந்து சமரசம் கிடையாது. அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போய், "இந்தக் கச்சேரிகளுக்குப் போவதில் நமக்கு ஒரே ஒரு லாபம். பெண்கள் கழிப்பறையில் வரிசையே இருக்காது. ஆண்கள் பக்கம் பார்த்தால் வாசல் வரை நிற்பார்கள்!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

இவர்கள் நடுவில் எனக்கு நீதிபதிப் பதவி! காரணம், எனக்கு ஒன்றும் தெரியாதாம்; ஆகையால் பட்சபாதம் இராதாம். பிங்க் ஃபிளாய்டின் 1973ம் வருஷத் தட்டு 'த டார்க் ஸைட் ஆஃப் த மூன்' சுழன்றது. அதில் பணத்தைப் பற்றி ஒரு பாட்டு. காசு குலுங்கும் சத்தத்தோடு தொடங்குகிறது. அதை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ், மண்பாண்டக் கலைஞரான தம் மனைவி மண் குழைக்கும் பாத்திரத்தில் காசை எறிந்து அந்தச் சத்தத்தைப் பிடித்தாராம். அதே தட்டில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறிக் கதறி ஆலாபனை செய்கிறது பாருங்கள், அது கிளேர் டாரி என்ற பாடகி. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுன். பல வருஷம் கழித்து 2004ல் வழக்குப் போட்டார். 2005ல் சமரசமாகி, பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. "நன்றாக வேண்டும்!" என்று நானும் ரயில்காரர் மனைவியும் ஏககாலத்தில் சொன்னோம்.

காசுப் பாட்டு ஓடும்போது என் கை தானாகவே தொடையில் தாளம் போட்டது. போட்டுப் பார்த்தால் ஏழு! அசல் மிச்ர சாபு! "அண்ணா, இது..." என்று நான் வாயெடுப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த ரயில்காரரும் தபால்காரரும் மேஜையில் தட்டிக்கொண்டு "டாகிட்டா டாகாடீமீ, டாகிட்டா டாகாடீமீ" என்று ஆரம்பித்துவிட்டார்கள்! நான் பிரமித்துப்போனேன். கிதார் வாசிக்கிறவர் நடுவில் வந்து ஆவர்த்தத்தை நாலுக்கு மாற்றியதும், இரண்டு பேரும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

அண்ணா பதில் சொல்லவில்லை. தட்டைத் திருப்பிப் போட எழுந்து போனான். ரயில்காரர் மனைவிதான் சொன்னாள்: "உங்கள் அண்ணிதான். இந்த மரமண்டைகளுக்கு ஏழு எண்ண வராது. இரண்டு மாரிக்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்."

என் அண்ணி வீணை வாசிப்பாள் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அவள் இதையெல்லாம் செய்தாள் என்பது எனக்கும் தெரியாது. அண்ணாவின் இரைச்சல் சங்கீதத்தைப் பொறுத்துக்கொண்டு அந்தக் குளிரில் அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்றுதான் நாற்பது வருஷமாக நாங்கள் ஊரில் பேசிக்கொண்டிருந்தோம்.

மறு சனிக்கிழமை யாத்திரை புறப்பட்டோம். தபால்காரர் வரவில்லை, கான்டர்பரி அவருடைய க்ஷேத்திரம் அல்ல.

முதலில் லண்டனில் பாட்டர்ஸீ மின்சார நிலையம். தேம்ஸ் நதிக்கரையில் நாலு வெள்ளைப் புகைபோக்கிகளோடு கவிழ்த்துப் போட்ட மேஜை மாதிரி இருக்கும். 1983ல் மின்சாரம் தயாரிப்பது நின்றுபோய்ப் பாழடைந்து கிடந்தது. 2022லிருந்து உள்ளே பிரமாதமான கடைவீதி. ஒரு புகைபோக்கிக்குள் லிப்டில் ஏறி உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கலாம். ரசிகர்கள் வருவது புடவை வாங்க அல்ல. 1976 டிசம்பரில் பிங்க் ஃபிளாய்டுக்காரர்கள் தங்கள் 'அனிமல்ஸ்' தட்டின் அட்டைக்காகச் சுமார் 40 அடி நீளத்தில் ஒரு பன்றிப் பலூனை இந்தப் புகைபோக்கிகளுக்கு நடுவே பறக்கவிட்டார்கள். முதல் நாள், அறுத்துக்கொண்டு போனால் சுட்டு வீழ்த்த ஒரு துப்பாக்கிக்காரரை வைத்திருந்தார்கள். அன்று பன்றி சமர்த்தாக இருந்தது. அடுத்த நாள் துப்பாக்கிக்காரரைக் கூப்பிட மறந்தார்கள். அன்று பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது! விமானங்கள் போகும் பாதையில் பன்றி பறந்தால் எப்படி இருக்கும்? கடைசியில் கென்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் போய் இறங்கிற்று. பசுமாடுகள் மிரண்டன என்று பண்ணைக்காரருக்கு ஒரே கோபமாம்.

நாங்களும் அதே கென்ட் மாவட்டத்துக்குத்தான் போனோம், ஆனால் ரயிலில். ஸெயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். ரயில்காரர் வழி நெடுக, வண்டி ஓட்டுகிறவன் பிரேக் போடத் தெரியாதவன் என்று அங்கலாய்த்துக்கொண்டே வந்தார்.

கான்டர்பரி சின்ன ஊர். ரயிலடியிலிருந்து நடந்தால் ஒரு பழைய கோட்டை வாசல். அதைத் தாண்டினால் குறுகலான கடைத்தெரு. தெருவின் கீழே ஸ்டௌர் நதி சாதுவாக ஓடுகிறது. மரச்சட்டங்கள் தெரியும் பழைய வீடுகள் தெருப்பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கின்றன. தேவாலயத்தில் 1170ல் தாமஸ் பெக்கெட் என்ற தலைமைக் குருவை மன்னனுடைய ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். பிறகு அவர் சமாதிக்கு நூற்றாண்டுக் கணக்கில் யாத்திரிகர்கள் வந்தார்கள். 1538ல் சமாதியை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வெறும் தரை; அதன்மேல் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அங்கே போக ஏறும் கல் படிகள் யாத்திரிகர்கள் கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருக்கின்றன. நம் மலைக்கோவில் படிகள் ஞாபகம் வந்தது. அண்ணா அந்த மெழுகுவத்தியின் எதிரில் வெகு நேரம் நின்றான். நான் அவசரப்படுத்தவில்லை.

இந்த ஊருக்கு ராக் ரசிகர்கள் ஏன் வருகிறார்கள்? 1964ல் இங்கே ஒரு பையன்கள் கோஷ்டி தோன்றியது. 'வைல்ட் ஃபிளவர்ஸ்', அதாவது காட்டுப் பூக்கள் என்று பெயர். சில பேர் சைமன் லாங்டன் என்ற பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தக் காலத்தில் ஒரு தட்டுக்கூட வெளியிடவில்லை. ஆனால் அதிலிருந்து கிளைத்தவைதான் 'ஸாஃப்ட் மெஷின்', 'காரவான்' என்ற இரண்டு பெரிய கோஷ்டிகள். பையன்களில் ஒருவர் ராபர்ட் வயட். அவர் அம்மா ஹானர் வயட் பத்திரிகையிலும் ரேடியோவிலும் வேலை பார்த்த அம்மாள். டோவர் பக்கத்தில் லிட்டன் என்ற கிராமத்தில் பெரிய பழைய வீட்டில் இருந்துகொண்டு அறைகளை வாடகைக்கு விட்டாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டேவிட் ஆலன் அங்கே குடியிருந்தார். தம் ஜாஸ் தட்டுகளையெல்லாம் பையன்களுக்குப் போட்டுக் காட்டினார். வீட்டில் டிரம் சத்தத்தைச் சகித்துக்கொள்ளும் தாயார் ஒருத்தி இல்லாவிட்டால் இந்தக் கான்டர்பரி சங்கீதமே இல்லை என்பது என் கட்சி. அண்ணாவின் புஸ்தகங்களில் அந்த அம்மாளுக்கு இரண்டு வரிதான்!

1970 ஆகஸ்டில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில், சாஸ்திரீய சங்கீத விழாவான ப்ராம்ஸில், ஸாஃப்ட் மெஷின் வாசித்தது. கச்சேரிக்கு முன்னால் வயட் காற்றாட வெளியே வந்தாராம். திரும்ப உள்ளே போகப் பார்த்தால் வாயில்காப்போன் விடவில்லை. உள்ளே வாசிக்க வேண்டியவனே நான்தான் என்றால் நம்பவில்லையாம். அங்கே நல்ல சங்கீதம் மட்டும்தான் என்றானாம். வயட்டே இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கெல்லாம் அவருக்கு வந்த கஷ்டத்தைக் கேளுங்கள். 1973 ஜூன் 1ந் தேதி, ஒரு விருந்தில், நாலாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தது; இடுப்புக்குக் கீழே போய்விட்டது. இரண்டு காலும் வேண்டிய டிரம் வித்வான்! ஆஸ்பத்திரியில் பார்வையாளர் அறையில் ஒரு பழைய பியானோ இருந்தது. சக்கர நாற்காலியில் போய் அதன் முன் உட்கார்ந்து, பாதியில் நின்ற பாட்டுகளைத் தொடர்ந்தார். பிங்க் ஃபிளாய்டும் ஸாஃப்ட் மெஷினும் அவருக்காகக் கச்சேரி செய்து பணம் சேர்த்தார்கள். ஃபிளாய்டின் நிக் மேஸன் தட்டைத் தயாரித்துக் கொடுத்தார். 1974 ஜூலை 26ந் தேதி 'ராக் பாட்டம்' வெளிவந்தது. அன்றைக்கே அவருக்கும் ஆல்ஃப்ரெடா பெஞ்ச் என்ற பெண்மணிக்கும் கல்யாணம். தட்டின் அட்டைப் படம் வரைந்ததும் அவர்தான்.

இதையெல்லாம் எனக்கு நதிக்கரையில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து சொன்னது அண்ணா. சொல்லிவிட்டு, "உன் அண்ணிக்குப் பிடித்தது அந்த ஒரு தட்டுதான்" என்றான்.

"ஏன் அது மட்டும்?"

"அதில் ஒரு பாட்டில் வயட் தன் பெண்டாட்டி பேரைச் சொல்லிச் சொல்லி, குழந்தை மாதிரி உளறிக்கொண்டே போவான். அர்த்தமே இருக்காது. பாட்டு முடியப் போகிற சமயத்தில் அவளே வந்து தன் குரலில் வெடுக்கென்று பதில் கொடுப்பாள். உன் அண்ணி அந்த இடத்துக்காகவே காத்துக்கொண்டிருப்பாள். வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள்."

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. நல்லவேளையாக ரயில்காரர் ஐஸ்கிரீமோடு வந்து சேர்ந்தார்.

மாலையில் டாக்ஸி வைத்துக்கொண்டு கிரேவ்னி என்ற கிராமத்துக்குப் போனோம். கடலை ஒட்டிய சதுப்பு நிலம், ஆடுகள், ஆள் நடமாட்டம் சொற்பம். 1968ல் காரவான் கோஷ்டிக்குக் கையில் காசில்லை. பகலில் ஊர்ப் பொதுக் கூடத்தில் பாடிப் பழகிவிட்டு, இரவில் அதன் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தூங்குவார்களாம். 1971ல் அவர்கள் போட்ட தட்டுக்குப் பெயர் 'இன் த லாண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்'. சாம்பலும் ரோஜாவுமான தேசம்! அதில்தான் அந்த 23 நிமிஷப் பாட்டு. ஒன்பது மணிக்கு மேல்தான் அங்கே சூரியன் அஸ்தமனம். தண்ணீர் தேங்கிய வாய்க்கால்களும், மேகமும், சேறும் முதலில் சாம்பலாகி, பிறகு ஓரத்தில் ரோஜா நிறம் ஏறிற்று. ரயில்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு சுருதியில். அண்ணா முகத்தைப் பார்த்தேன். என் கைப்பையில் இருந்த டிக்கெட் விஷயத்தை அப்போது நான் எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை.

ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய இரவு அலமாரியில் ஒன்பது தட்டுகள் அடுக்கியாகிவிட்டன. ஒரு செய்தித்தாள் மாதிரியே அட்டை போட்ட, இரண்டு பக்கமும் ஒரே பாட்டான 'ஜெத்ரோ டல்' தட்டு ஒன்று. அந்தப் பயங்கர முகம் ஒன்று. சண்டைக்கு அஞ்சி யெஸ் ஒன்று, கேப்ரியல் பாடிய ஜெனஸிஸ் இரண்டு. ஏழு எண்ணிய தட்டும், சாம்பல் ரோஜாவும் இருந்தன. மற்றவை எனக்கு மறந்துவிட்டன. பத்தாவது இடம் காலி. 'ராக் பாட்டம்' மேஜைமேல் தனியாக இருந்தது.

"இதைத்தானே வைக்கப் போகிறாய்?" என்றேன்.

"இல்லை. வைத்துக்கொண்டால் போட்டுக் கேட்கத் தைரியம் வராது. விற்கவும் மனசு வராது. நீ எடுத்துக்கொண்டு போ."

"அண்ணா, என் வீட்டில் கிராமபோன்கூடக் கிடையாதே!"

"அது பரவாயில்லை" என்று நார்த்தங்காய் வந்த பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டான்.

சென்னைக்கு வந்து விசாரித்ததில், எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் ஒரு காலேஜ் பையனிடம் தட்டுப் போடும் பெட்டி இருப்பது தெரிந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறுபடி தட்டு வாங்குகிறார்களாமே! ஒரு மாலை காப்பி, முறுக்கோடு போய் உட்கார்ந்தேன். கடல் அலை மாதிரி ஏதோ வந்தது, போயிற்று. மெல்லிய, அழுகிற குரல் ஒன்று. எனக்கு எல்லாம் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உளறல் பாட்டு வந்தது; அந்தப் பெண்ணின் குரலும் வந்தது. "பாட்டி, எதற்குச் சிரிக்கிறீர்கள்?" என்று பையன் கேட்டான்.

போன வாரம் அண்ணாவோடு டெலிபோனில் பேசினேன். வியாழக்கிழமை சபை புது வீட்டிலும் நடக்கிறதாம். நாற்காலி போதாமல் தபால்காரர் கட்டிலில் உட்காருகிறாராம். பத்தாவது இடத்தை ரயில்காரர் மனைவிக்குக் கொடுத்துவிட்டானாம். 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்' இப்போது அலமாரியில். ரயில்காரர் இரண்டு வியாழக்கிழமை வரவில்லையாம்.